எப்பதான் 'சுபம்' போடுவீங்க?

முதல்லயே ஒண்ணு சொல்லிடறேன். சீரியல் பார்க்கிற அம்மாக்களையும் பாட்டிகளையும் கிண்டல் பண்றதுக்காக இதை எழுதலை. அந்த ஜோக்கெல்லாம் போதும் போதும்ங்கிற அளவுக்குக் கேட்டாச்சு. சொல்லப்போனா, கிண்டல் பண்ற நம்ம பசங்கள்ல பாதிப் பேர் சாப்பாட்டுத் தட்டோட ஹால்ல உட்கார்ந்து, ஓரக்கண்ணால முழு எபிசோடையும் பார்த்துட்டுதான் எந்திரிக்கிறாங்க. 'சிறகடிக்க ஆசை'யில் ரோகிணி இன்னைக்காவது மாட்டினாளான்னு காலேஜ் கேன்டீன்ல பேச்சு ஓடுது. அதனால யாரும் யோக்கியம் இல்லை.

என்னோட கேள்வி வேற. ஒரு கதை எப்ப முடியணும்னு யார் முடிவு பண்றாங்க? எழுதினவங்களா, பார்க்கிற நாமளா, இல்ல நடுவுல விளம்பரம் போடற சோப்புக் கம்பெனியா?

கடந்த சில வருஷத்துல நான் பார்த்த சீரியல், வெப் சீரிஸ், குறும்படம் எல்லாத்தையும் இந்த ஒரே கேள்வியை வெச்சுப் பார்க்கறேன். நடிப்பு, கேமரா, மியூசிக் பத்திப் பேச நிறையப் பேர் இருக்காங்க. நான் பி.காம். எனக்குத் தெரிஞ்சது கணக்கு. அதுலருந்தே ஆரம்பிக்கிறேன்.

கோயிங் கன்சர்ன்

அக்கவுன்ட்ஸ் முதல் வருஷத்துலயே சொல்லித் தர்ற விஷயம் இது. ஒரு வியாபாரம் நாளைக்கும் நடக்கும், அடுத்த வருஷமும் நடக்கும், இப்போதைக்கு மூடப்போறது இல்லைன்னு வெச்சுக்கிட்டுதான் கணக்கு எழுதணும். இதுக்குப் பேர் கோயிங் கன்சர்ன். இன்னொரு பக்கம் ஜாயின்ட் வென்ச்சர் கணக்கு. ரெண்டு பேர் ஒரே ஒரு வேலைக்காகச் சேருவாங்க. வேலை முடிஞ்சதும் லாபத்தைப் பிரிச்சு, கணக்கை மூடிட்டுக் கிளம்பிடுவாங்க.

சீரியல் முதல் வகை. குறும்படம் ரெண்டாவது வகை. நான் சொல்லவந்ததுல பாதி இதுலயே வந்துடுச்சு.

மூடுற எண்ணமே இல்லாத கடையில ஒரு கதையை வெச்சா அந்தக் கதைக்கு என்ன ஆகும்? கதைன்னா ஒரு பிரச்சினை இருக்கணும். பிரச்சினை தீர்ந்தா கதை முடிஞ்சிடும். கதை முடிஞ்சா கடையை மூடணும். கடையை மூடக்கூடாதுன்னா பிரச்சினை தீரக்கூடாது. ரொம்ப சிம்பிள். இதுல வில்லன் யாரும் இல்லை. எழுதறவருக்குத் திறமை இல்லைன்னும் அர்த்தம் இல்லை. கணக்கு அப்படி.

ரோகிணி விஷயத்தையே எடுத்துக்கோங்க. 'சிறகடிக்க ஆசை' 2023 ஜனவரியில விஜய் டிவியில ஆரம்பிச்சது. கார் ஓட்டற முத்து, பூக்கட்டி விக்கற மீனா, ரெண்டு பேரும் நல்ல கேரக்டர்ஸ். உழைச்சுச் சாப்பிடற ஜோடியை ஹீரோ ஹீரோயினா போட்டதுக்கே அந்த டீமுக்கு ஒரு சலாம் போடலாம். அந்த வீட்டுக்கு இன்னொரு மருமகளா வர்ற ரோகிணிக்கு ஏற்கனவே கல்யாணம் ஆகி ஒரு பையன் இருக்கான். அதை மறைச்சுட்டுதான் வந்திருக்கா. இந்த ரகசியம் இன்னைக்கு உடையும், நாளைக்கு உடையும்னு ரெண்டு வருஷத்துக்கு மேல இழுத்தாங்க. ஒவ்வொரு தடவையும் கடைசி நொடியில யாராவது குறுக்க வந்துடுவாங்க, இல்லன்னா போன் கட் ஆகிடும், இல்லன்னா மாமியார் மயங்கி விழுந்துடுவாங்க. ஏன்னா அந்த ரகசியம்தான் அங்க ஃபிக்சட் அசெட். மத்த அசெட்டுக்கெல்லாம் வருஷா வருஷம் தேய்மானம் எழுதணும். இதுக்கு அதுவும் இல்லை!

விளம்பரக் கணக்கு

நம்ம ஊர் கேபிள் டிவி விதிகள்படி ஒரு மணி நேரத்துல 12 நிமிஷத்துக்கு மேல விளம்பரம் போடக்கூடாது. 10 நிமிஷம் வெளி விளம்பரம், 2 நிமிஷம் சேனலோட சொந்த விளம்பரம். அப்போ அரை மணி நேர சீரியல்ல கதைக்கு மிச்சம் 24 நிமிஷம். அதுல டைட்டில் பாட்டு, நேத்து நடந்தது, நாளை நடக்கப்போறது, ஒரே முகத்தை மூணு தடவை ஜூம் பண்றது எல்லாம் போக, கதைன்னு தேறுறது எவ்வளவுன்னு நீங்களே ஒருநாள் கடிகாரம் வெச்சுப் பாருங்க.

அடுத்தது ரேட்டிங். 'பார்க்'ங்கிற அமைப்பு நாடு முழுக்க 50,000க்கும் மேற்பட்ட வீடுகள்ல மீட்டர் வெச்சு, எந்த சேனலை எவ்வளவு நேரம் பார்க்கிறாங்கன்னு கணக்கெடுக்குது. 2020ல அவங்களே போட்ட மதிப்பீட்டின்படி டிவி இருக்கிற வீடுகள் மொத்தம் 21 கோடி. அந்த மீட்டர் வீடுகளை வெச்சுதான் வாரா வாரம் வியாழக்கிழமை எண்ணிக்கை வெளிவருது. அந்த எண்தான் விளம்பர ரேட்டை முடிவு பண்ணுது. வியாழக்கிழமை நல்ல மார்க் வாங்கின சீரியலை எந்த முதலாளியாவது முடிப்பாரா?

செலவுப் பக்கமும் பாருங்க. ஒரு பெரிய வீட்டை வாடகைக்குப் பிடிச்சு, லைட் போட்டு, நடிகர்களை ஒப்பந்தம் பண்ணி, ஜனங்களுக்கு அந்தப் பேர்களைப் பழக்கறதுதான் பெரிய செலவு. அது முதல்ல ஒரு தடவை ஆகறது. 500வது எபிசோடுக்கு அதே வீடு, அதே சோபா, அதே மாடிப்படி. எபிசோடு ஏற ஏற, தலைக்கு வர்ற ஃபிக்சட் காஸ்ட் குறைஞ்சுக்கிட்டே போகும். புதுசா ஒண்ணு ஆரம்பிக்கறதைவிட பழசை இழுக்கறதுதான் லாபம்னு காஸ்டிங் பேப்பர்ல பார்டர் மார்க் எடுக்கறவங்களுக்கே புரியும்.

பார்க்கிற நமக்கு சன்க் காஸ்ட். 600 எபிசோடு பார்த்தாச்சு, இப்ப விட்டா இவ்வளவு நாள் பார்த்தது வீணாப்போயிடுமேங்கிற கவலை. போட்ட காசு திரும்பாதுன்னு தெரிஞ்சும் நஷ்டத்துல ஓடற கடைக்கு மறுபடி பணம் போடுறமே, அதே வியாதிதான்.

எதிர்நீச்சலும் அந்த வாசப்படியும்

நான் ஒழுங்கா உட்கார்ந்து பார்த்த ஒரே பெரிய சீரியல் 'எதிர்நீச்சல்'. சன் டிவியில 2022 பிப்ரவரியில ஆரம்பிச்சு 2024 ஜூன்ல முடிஞ்சது. திருச்செல்வம் இயக்கம். 2003ல இருந்து 2009 வரைக்கும் 1500 எபிசோடுக்கு மேல ஓடின 'கோலங்கள்' எடுத்தவர் அவர்தான்.

ஆரம்பத்துல எவ்வளவு நல்லா இருந்தது தெரியுமா! படிச்ச நாலு மருமகள்கள். ஈஸ்வரி, ரேணுகா, நந்தினி, ஜனனி. ஆதிமுத்து குணசேகரன்னு ஒரு அதிகாரம் பண்ற ஆம்பளை. அவரோட சம்மதம் இல்லாம அந்த வீட்ல ஒரு டம்ளர்கூட நகராது. அப்பத்தா பேர்ல இருக்கிற 40 சதவீதப் பங்குதான் சண்டைக்கு மையம். எங்க கிளாஸ்ல கம்பெனி சட்டம் நடத்தும்போது ஒருத்தன் எழுந்து "சார், அப்பத்தா மைனாரிட்டி ஷேர்ஹோல்டரா?"ன்னு கேட்டான். கிளாஸே சிரிச்சது. ஆனா கேள்வி சரியான கேள்வி. ஒரு வீட்ல பொம்பளைங்களோட பேச்சுக்கு மரியாதை இருக்கா இல்லையாங்கிறது கடைசியில சொத்து யார் பேர்ல இருக்குங்கறதுலதான் வந்து நிக்குதுன்னு, ராத்திரி ஒன்பதரை மணி சீரியல் ஒண்ணு வெளிப்படையா சொன்னது பெரிய விஷயம்.

குணசேகரனா நடிச்ச மாரிமுத்து பத்தித் தனியா சொல்லணும். கத்தாம, குரலை ஒரு படி இறக்கிப் பேசியே பயமுறுத்தின மனுஷன். அவர் பேசின பேச்செல்லாம் மீம் ஆச்சு. ஆனா அந்த மீமைப் பார்த்துச் சிரிச்ச நிறையப் பேர் வீட்ல அதே குரல்ல ஒரு பெரியப்பாவோ தாத்தாவோ இருந்திருப்பாங்க. அதான் அது அவ்வளவு தூரம் பரவிச்சு. 2023 செப்டம்பர் 8ம் தேதி மாரடைப்புல அவர் இறந்துபோனார். டப்பிங் பேசிட்டு இருந்த நேரம். நிஜமாவே வருத்தப்பட்டேன்.

அதுக்கப்புறம் நடந்ததுதான் நான் சொல்லவர்றது. கொஞ்ச நாள் குணசேகரன் வீட்டை விட்டுப் போயிட்டார்னு கதை நகர்ந்தது. அப்புறம் வேல ராமமூர்த்தி அந்த வேஷத்துக்கு வந்தார். நல்ல எழுத்தாளர், நல்ல நடிகர், அவர் மேல ஒரு குறையும் இல்லை. ஆனா கதைக்கு அங்க ஒரு வாசல் திறந்தது. அதிகாரம் பண்ணின ஆள் இல்லாத வீட்ல அந்த நாலு பெண்களும் என்ன பண்ணுவாங்க? நிஜ வாழ்க்கையில எத்தனையோ வீடுகள்ல எழுந்த கேள்வி இது. தமிழ் டிவியில அதுவரைக்கும் யாரும் தொடாத கதை அங்க கிடைச்சிருக்கும். கடை அதைத் தொடலை. கம்பெனி சட்டத்துல 'பெர்பெச்சுவல் சக்சஷன்'னு சொல்வாங்க. ஆள் வரலாம், ஆள் போகலாம், கம்பெனி நிக்கும். அதே மாதிரி வேஷம் நின்னுடுச்சு. அந்தப் பெண்கள் ரெண்டடி முன்னால வெச்சா ஒன்றரையடி பின்னால வந்தாங்க. கடைசியில முடிச்சாங்களேன்னு பார்த்தா, 2024 டிசம்பர்ல 'எதிர்நீச்சல் தொடர்கிறது'ன்னு அடுத்த பாகம். தலைப்பே உண்மையைச் சொல்லிடுச்சு. நீச்சல் தொடரும், கரை வராது.

இதுனால யாருக்கு என்ன நஷ்டம்?

"டைம் பாஸுக்குப் பார்க்கிறதுக்குப் போய் இவ்வளவு யோசிப்பியா"ன்னு கேட்பீங்க. எனக்கு இது டைம் பாஸ் மாதிரி தெரியலை. காரணம் எங்க அத்தை.

திருப்பூர்ல இருக்காங்க. கல்யாணத்துக்கு முன்னாடி பனியன் கம்பெனியில ஓவர்லாக் மிஷின் டெய்லர். நல்ல வேகம், வாரச் சம்பளம். கல்யாணம் ஆனதும் வேலைக்குப் போக வேண்டாம்னுட்டாங்க. பையன் பெரியவன் ஆனதும் போகலாம்னாங்க. பையன் இப்ப பிளஸ் டூ. அத்தை இன்னும் வீட்லதான். சாயங்காலம் ஆறரையில இருந்து ராத்திரி பத்து வரைக்கும் வரிசையா சீரியல். போன லீவுக்குப் போனப்ப ஒரு சீரியல் ஓடிட்டு இருந்தது. எதுன்னு பேர் வேண்டாம், எல்லாம் ஒண்ணுதான். அதுல வர்ற மருமகளும் வேலைக்குப் போகணும்னு போராடிட்டு இருந்தா. நான் சும்மா, "அத்தை, நீங்க மறுபடி கம்பெனிக்குப் போலாமுல்ல?"ன்னு கேட்டேன்.

டிவியை விட்டுக் கண்ணை எடுக்காமயே சொன்னாங்க: "ஏங்கண்ணு, பி.ஏ. படிச்ச இவளே ரெண்டு வருசமா வாசப்படி தாண்ட முடியல. நான் எங்க போறது?"

சிரிச்சுக்கிட்டேதான் சொன்னாங்க. ஆனா அந்த வார்த்தை எனக்குச் சிரிப்பா இல்லை. அந்தப் பொண்ணு வாசப்படி தாண்டாததுக்குக் காரணம் மாமியார் இல்லை, புருஷன் இல்லை, ஊர் இல்லை. தாண்டினா அந்த சீரியல் முடிஞ்சிடும், அவ்வளவுதான். விளம்பரக் கணக்குக்காக நிறுத்தி வெச்ச ஒரு பொண்ணைப் பார்த்து, வாழ்க்கையே இப்படித்தான்னு நிஜமான ஒரு பொண்ணு நினைச்சுக்கறா. ஒரு நாள் இல்லை, வாரத்துல ஆறு நாள், வருஷக்கணக்கா. பொறுமையா இரு, அடுத்த வாரம் விடியும், அடுத்த வாரம் விடியும்னு ஒரு பாடம். நான் சொல்ற நஷ்டம் இது. எந்த பேலன்ஸ் ஷீட்லயும் வராது.

எட்டே எபிசோடு

இதே விஷயத்தை முடிவோட சொன்ன கதையும் நம்மகிட்ட இருக்கு. 2023 ஜனவரியில ஜீ5ல வந்த 'அயலி'. முத்துக்குமார் இயக்கம். மொத்தம் 8 எபிசோடு. புதுக்கோட்டைப் பக்கம் வீரப்பண்ணைன்னு ஒரு ஊர், 1990ம் வருஷம். வயசுக்கு வந்த பெண்கள் பள்ளிக்கூடம் போகக்கூடாது, அயலி கோயிலுக்குள்ள நுழையக்கூடாது, உடனே கல்யாணம். டாக்டராகணும்னு ஆசைப்படற தமிழ்ச்செல்வி, தான் வயசுக்கு வந்ததையே மறைச்சுட்டுப் பள்ளிக்கூடம் போறா. தமிழ்ச்செல்வியா அபி நட்சத்திரா, அம்மா குருவம்மாளா அனுமோள். ரெண்டு பேருமே பின்னி எடுத்திருக்காங்க.

இங்கயும் ஒரு ரகசியம்தான் கதை, ரோகிணி மாதிரியே. வித்தியாசம் என்னன்னா, இந்த ரகசியத்துக்கு ஒரு கெடு இருக்கு. எட்டு எபிசோடுக்குள்ள உடைஞ்சே ஆகணும், உடைஞ்சதுக்கு அப்புறம் என்ன ஆகும்னும் சொல்லியாகணும். அதனால ஒவ்வொரு எபிசோடும் கதையை ஒரு அடி முன்னால தள்ளுது. அம்மாவுக்குத் தெரியவர்ற இடம், மத்த பெண்கள் மெல்ல மெல்ல யோசிக்க ஆரம்பிக்கற இடம், எதுவும் திரும்பிப் பின்னால போகலை. பார்க்காதவங்களுக்காக முடிவைச் சொல்லலை. ஆனா முடிவுன்னு ஒண்ணு இருக்கு. சில இடம் பிரசங்கம் மாதிரி இருந்தது, நிஜம்தான். வில்லன்கள் கொஞ்சம் கார்ட்டூன். இருந்தாலும் ஊரைப் பயமுறுத்தி வெச்ச ஒரு நம்பிக்கையை ஒரு சின்னப் பொண்ணு கேள்வி கேட்டா என்ன ஆகும்ங்கிறதுக்கு இந்தக் கதை பதில் சொல்லிட்டுதான் கிளம்புது.

அத்தைக்கு என் போன்ல போட்டுக் காட்டினேன். ரெண்டு ஞாயித்துக்கிழமையில முடிச்சாங்க. கடைசி எபிசோடு முடிஞ்சதும் கொஞ்ச நேரம் பேசலை. அப்புறம், "அவ்வளவுதானா? முடிஞ்சுருச்சா?"ன்னாங்க. ஒரு கதை முடியும்ங்கறதே அவங்களுக்கு ஆச்சரியமா இருந்தது. இதைப் பார்த்துட்டு அவங்க வாழ்க்கையே மாறிடுச்சுன்னு நான் கதை விடமாட்டேன். இப்பவும் ஆறரைக்கு சீரியல்தான். ஆனா ஒரு மாசம் கழிச்சு போன்ல, "கண்ணு, தையல் மிஷினுக்கு பேங்க்ல லோன் வாங்குனா வட்டி எப்படிக் கணக்குப் போடுவாங்க?"ன்னு கேட்டாங்க. ஃப்ளாட் ரேட்டுக்கும் குறையற பாக்கிக்குப் போடற வட்டிக்கும் வித்தியாசம் சொன்னேன். மூணு வருஷம் பி.காம் படிச்சதுக்கு அன்னைக்குதான் ஒரு பிரயோஜனம்.

குறும்படமும் சும்மா இல்லை

அப்போ குறும்படம் எல்லாம் உசத்தி, சீரியல் எல்லாம் மட்டமான்னா, அதுவும் இல்லை.

குறும்படத்துக்கு மரியாதை வாங்கிக் கொடுத்ததுல பெரிய பங்கு ஒரு டிவி நிகழ்ச்சிக்குத்தான். கலைஞர் டிவியோட 'நாளைய இயக்குநர்'. அது வந்தப்ப நாங்கெல்லாம் சின்னப் பசங்க. அப்புறமா யூடியூப்ல தேடித் தேடிப் பார்த்தது. அங்கருந்து வந்தவங்க லிஸ்டைப் பாருங்க. கார்த்திக் சுப்புராஜ் 2012ல 'பீட்சா', நலன் குமாரசாமி 2013ல 'சூது கவ்வும்', ராம்குமார் 2014ல 'முண்டாசுப்பட்டி'. 'முண்டாசுப்பட்டி', அதே வருஷம் வந்த 'பண்ணையாரும் பத்மினியும்' ரெண்டும் முதல்ல குறும்படமா இருந்த கதைகள். பாலாஜி மோகனோட 'காதலில் சொதப்புவது எப்படி'யும் அப்படித்தான். சமீபத்துல பிரதீப் ரங்கநாதன் 'ஆப்பா லாக்'குனு எடுத்த குறும்படம்தான் 2022ல 'லவ் டுடே' ஆச்சு.

இதுல ஒரு நல்லதும் ஒரு கெட்டதும் இருக்கு. நல்லது, பத்து நிமிஷத்துல ஒரு கதையைச் சொல்லி முடிக்கணும்ங்கற ஒழுக்கம் ஒரு தலைமுறைக்கே வந்தது. கெட்டது, குறும்படம் விசிட்டிங் கார்டு ஆயிடுச்சு. தயாரிப்பாளரைப் பிடிக்கணும், அதுக்குக் கடைசி ஒரு நிமிஷத்துல ஒரு ட்விஸ்ட் வேணும். ஹீரோதான் கொலைகாரன், இல்லன்னா எல்லாம் கனவு, இல்லன்னா அந்தப் பொண்ணு ஏற்கனவே செத்துட்டா. நூறு படம் பார்த்தா எண்பது இந்த மூணுல ஒண்ணுல அடங்கிடும். இது முடிவு இல்லை, தப்பிச்சு ஓடறது. சீரியல் முடிவைத் தள்ளிப்போடுது, இவங்க முடிவை ஏமாத்தறாங்க.

முடிவோட மல்லுக்கட்டின குறும்படம்னா ரெண்டு சொல்வேன். ரெண்டும் சர்ஜுன் எடுத்தது. 2017ல வந்த 'லட்சுமி'. அச்சகத்துல வேலை, வீட்டுல கண்டுக்காத புருஷன், ரயில்ல பார்த்த ஒருத்தனோட ஒரு ராத்திரி. எவ்வளவு சண்டை நடந்தது அந்தப் படத்துக்கு! திட்டினவங்களும் பாராட்டினவங்களும் அந்த ராத்திரியைப் பத்தியே பேசினாங்க. எனக்குப் பெருசாப் பட்டது, அடுப்பு, டிபன் பாக்ஸ், ரயில், மிஷின்னு தினம் தினம் அதே வேலை திரும்பத் திரும்ப வர்றதைக் காட்டின விதம். ஒரு சீரியல் ரெண்டு வருஷத்துல சொல்லாத அலுப்பை இருபது நிமிஷத்துக்குள்ள சொல்லிட்டாங்க. அடுத்தது 2018ல வந்த 'மா'. ஹாக்கி விளையாடற 15 வயசுப் பொண்ணு கர்ப்பமாகிடறா. அம்மாகிட்ட சொல்றா. அனிகா பொண்ணு, கனி குஸ்ருதி அம்மா. அந்த அம்மா அடிக்கறா, அழறா, அப்புறம் மகள் பக்கம் நிக்கறா. இதே கனி குஸ்ருதி நடிச்ச 'ஆல் வி இமாஜின் ஆஸ் லைட்' 2024ல கான் விழாவுல கிராண்ட் பிரி வாங்கினப்ப, "ஏய், இது நம்ம 'மா' அம்மா"ன்னு குதிச்சேன்.

ஆனா யூடியூப்லயும் விளம்பரக் கணக்கு உள்ள வந்தாச்சு. வீடியோவுக்கு நடுவுல விளம்பரம் போடணும்னா முன்னாடி குறைஞ்சது 10 நிமிஷம் இருக்கணும், 2020 ஜூலையில அதை 8 நிமிஷமாக் குறைச்சாங்க. ஆறு நிமிஷத்துல முடியவேண்டிய கதை ஏன் எட்டரை நிமிஷம் வரைக்கும் நடந்துக்கிட்டே இருக்குன்னு இப்பப் புரியுதா? ஹீரோ டீக்கடைக்கு ஸ்லோ மோஷன்ல போறது கலைக்காக இல்லைங்க.

"வியாபாரம்னா அப்படித்தான்" – இல்லை

சீரியல் பக்கமும் நியாயம் இருக்கு. ஒரு சீரியல் ஓடினா லைட்மேன், மேக்கப், எடிட்டிங், சாப்பாடு போடறவங்கன்னு நிறையக் குடும்பத்துக்கு மாசச் சம்பளம் மாதிரி வருது. சினிமாவுல அந்த நிம்மதி இல்லை. தனியா இருக்கிற வயசானவங்களுக்கு சீரியல்ல வர்ற ஆட்கள் பக்கத்து வீட்டுக்காரங்க மாதிரி. எங்க தெரு பாட்டி ஒருத்தங்க ஹீரோயின் பேரைச் சொல்லி "பாவம், இன்னைக்கு அவ சாப்பிடவே இல்லை"ம்பாங்க. அந்தத் துணையை நான் கேவலமா நினைக்கலை.

ஆனா முடிச்சா நஷ்டம்ங்கறதை மட்டும் ஒத்துக்க மாட்டேன். பாகிஸ்தான்லயும் தனியார் சேனல், விளம்பரம், ரேட்டிங் எல்லாம் இருக்கு. அங்க தொடர் பெரும்பாலும் வாரத்துக்கு ஒண்ணு, 25 எபிசோடு சுமாருக்கு முடிச்சுடுவாங்க. 2011ல ஆரம்பிச்ச 'ஹம்சஃபர்' மொத்தமே 23 எபிசோடு. இன்னைக்கும் ஜனங்க பேசறாங்க. கொரியத் தொடர்கள் 16, 20 எபிசோடுல முடியுது, உலகம் முழுக்க விக்குது. லத்தீன் அமெரிக்காவுல நம்ம மாதிரியே தினமும் ஓடற தொடர்கள்தான், ஆனா பெரும்பாலும் சில மாசத்துல கதையை முடிச்சுட்டு அடுத்ததை ஆரம்பிச்சுடறாங்க. வேலை பார்க்கிறவங்க அடுத்த தொடருக்குப் போறாங்க. யார் அடுப்பும் அணையலை.

நம்ம ஊர்லயே தூர்தர்ஷன் காலத்துல 13 வாரத் தொடர்னு ஒரு வழக்கம் இருந்தது. 13 வாரம்னா கணக்குல ஒரு குவார்ட்டர். அந்த அளவுக்குள்ள பாலசந்தர் மாதிரி ஆளுங்க கதை சொல்லியிருக்காங்க. 2024ல ஹாட்ஸ்டார்ல 'ஹார்ட் பீட்' 100 எபிசோடு போட்டு ஒரு சீசனை முடிச்சாங்க. அடுத்த சீசனுக்கு நூல் விட்டுட்டுதான் முடிச்சாங்க, இருந்தாலும் ஆஸ்பத்திரிக்கு வந்த ரீனா கிளம்பும்போது வேற ரீனாவா இருந்தா. அது போதும் எனக்கு.

முடிஞ்ச கதைக்குத்தான் ஆயுசும் ஜாஸ்தி. 'மெட்டி ஒலி' 2002ல இருந்து 2005 வரைக்கும் ஓடினது. அதுவும் 800 எபிசோடுக்கு மேல, சின்னது இல்லை. ஆனா அஞ்சு பொண்ணுங்களைப் பெத்த ஒரு அப்பாவோட கதைன்னு ஆரம்பிச்சு, அந்தக் கதையாவே முடிஞ்சது. 2020 லாக்டவுன்ல மறுபடி போட்டப்ப எங்க வீட்ல அம்மாவும் நானும் சேர்ந்து பார்த்தோம். முடிவு இருக்கிறதாலதான் அதை மறுபடி முதல்ல இருந்து பார்க்க முடியுது.

அதனால சேனல்காரங்களுக்கு ஒரு சின்ன யோசனை. முதல் நாளே சொல்லிடுங்க, இது 100 எபிசோடு, இது 150 எபிசோடுன்னு. ஹிட் ஆனா அதே டீமை வெச்சு வேற கதை எடுங்க. ஒரு பொண்ணு வேலைக்குப் போகணும்னு கதை ஆரம்பிச்சா, 30வது எபிசோடுல அவளை வேலைக்கு அனுப்பிடுங்க. அதுக்கப்புறம் அங்க என்ன நடக்குது, சம்பளத்தை யார் கையில கொடுக்கறா, பஸ்ல என்ன ஆகுது, சொந்தப் பேர்ல ஒரு பாஸ்புக் வந்ததும் வீட்ல யார் யார் குரல் மாறுதுன்னு காட்டுங்க. வாசப்படிக்கு இந்தப் பக்கம் இருக்கிற கதையை முப்பது வருஷமா பார்த்தாச்சு. அந்தப் பக்கம் எவ்வளவோ கதை இருக்கு, யாரும் எடுக்கலை.

நம்ம பசங்களுக்கு ஒண்ணு. நல்ல குறும்படம், நல்ல சீரிஸ் பார்த்தா இயர்போன் மாட்டிக்கிட்டு மொட்டை மாடியில தனியாப் பார்க்காதீங்க. போனை டிவியில மாட்டி ஹால்ல போடுங்க. அம்மாவையும் அத்தையையும் கூப்பிட்டு உட்கார வைங்க. முதல் பத்து நிமிஷம் "இது என்ன, ஒண்ணுமே புரியல"ம்பாங்க. பரவால்ல, இருங்க. கதை முடியற வரைக்கும் கூட இருந்துட்டு, முடிஞ்சதும் அவங்க என்ன சொல்றாங்கன்னு மட்டும் கேளுங்க.

சரி, திங்கட்கிழமை காஸ்ட் அக்கவுன்டிங் இன்டர்னல். ஓவர்ஹெட்ஸ் இன்னும் தொடவே இல்லை. இந்தக் கட்டுரைக்காவது நான் போட்டுடறேன்.

சுபம்.